சான்றே சிகிச்சைக்கு வழிகாட்ட வேண்டும்

(கட்சி ஊழியர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



2021 ஏப்ரல், மே மாதங்களில் நாடெங்கும் மக்கள் இரண்டைத் தேடி அலைந்தனர். ஒன்று ஆக்சிஜன், மற்றொன்று ரெம்டெசிவிர். ஆக்சிஜன் உயிர் காப்பது. ரெம்டெசிவிரோ, மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோரின் இறப்பைக் குறைத்ததாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார அமைப்பின் சாலிடாரிட்டி ஆய்வு 2020 அக்டோபரிலேயே கூறிவிட்டது. அம்மருந்தைப் பயன்படுத்த வேண்டாம் என்று நவம்பரில் அவ்வமைப்பு பரிந்துரைத்தது. ஆயினும் நமது தேசிய வழிகாட்டலில் அது நீடித்தது. கள்ளச் சந்தையில் பல மடங்கு விலைக்கு விற்கப்பட்டது. நகையை அடகு வைத்து அதை வாங்கியவர்கள் உழைக்கும் மக்கள்.

பிளாஸ்மா சிகிச்சையின் கதையும் இதுவே. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் ஆய்வு நடத்தி, அது இறப்பைக் குறைக்கவில்லை என்று 2020இலேயே கண்டறிந்தது. பாராட்டத்தக்க பணி. ஆனால் வழிகாட்டலிலிருந்து பிளாஸ்மா நீக்கப்பட்டது 2021 மே 17 அன்றுதான். அறிவு இருந்தது, அது கொள்கையாகவில்லை.

மாறாக, டெக்சாமெத்தசோனைப் பாருங்கள். காப்புரிமை இல்லாத, மலிவான, பழைய மருந்து. பிரிட்டனின் பொது மருத்துவமனைகளில் நடந்த ரெகவரி ஆய்வு, வென்டிலேட்டரில் இருந்தோரின் இறப்பை அது மூன்றில் ஒரு பங்கு குறைத்ததை 2020 ஜூனில் காட்டியது. ஆக்சிஜன் தேவைப்படாதோருக்கு அதனால் பயனில்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. இரண்டாம் அலையில் ஸ்டீராய்டுகளின் முறையற்ற பயன்பாடு கருப்புப் பூஞ்சை நோய் பெருகியதற்கு ஒரு காரணமாயிற்று. எந்த மருந்து என்பது மட்டுமல்ல, யாருக்கு, எப்போது என்பதும் சான்றின் பகுதியே.

எனவேதான் தொடர்ந்து புதுப்பிக்கப்படும் ஆய்வுத் தொகுப்புகள் தேவைப்படுகின்றன. எல்லா ஆய்வுகளையும் திரட்டி, தரம் பார்த்து, முடிவுகளை ஒன்றிணைத்து, புதிய சான்று வந்ததும் திருத்துவதே அம்முறை. 2022 ஏப்ரலில், கடுமையற்ற நோயும் மிகுந்த ஆபத்தும் உடையோருக்கு ரெம்டெசிவிரை உலக சுகாதார அமைப்பு பரிந்துரைத்தது. இது தடுமாற்றம் அன்று; அறிவியலின் நேர்மை. அதேபோல், ஐவர்மெக்டினுக்கு ஆதரவாகக் காட்டப்பட்ட எகிப்திய ஆய்வொன்று 2021 ஜூலையில் திரும்பப் பெறப்பட்டது. அதற்கு இரு மாதங்கள் முன்புதான் கோவா அரசு வயது வந்தோர் அனைவருக்கும் அம்மருந்தைத் தருவதாக அறிவித்திருந்தது.

இம்முறைக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவர் ஆர்ச்சி காக்ரேன். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குடியரசுத் தரப்பின் மருத்துவ உதவிக் குழுவில் பணியாற்றியவர். பயனுள்ள சிகிச்சை அனைத்தும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்ற பதாகையை 1930களில் ஏந்தியவர். அக்கோரிக்கையில் இரண்டு பாதிகள் உண்டு: சிகிச்சை பயனுள்ளதாக இருக்க வேண்டும், அது எல்லோருக்கும் கிடைக்க வேண்டும். ஒன்றை விட்டு மற்றொன்று இல்லை.

ஆகவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. சிகிச்சை வழிகாட்டல் ஒவ்வொன்றும் அதன் சான்று, காரணம், திருத்திய தேதி ஆகியவற்றோடு மக்கள் மொழிகளில் வெளியிடப்பட வேண்டும். அரசு மருத்துவமனைகளை இணைத்து, அடுத்த பெருந்தொற்றுக்கு முன்பே ஆய்வு வலையமைப்பை உருவாக்க வேண்டும். பயனுள்ளது என நிரூபிக்கப்பட்ட மருந்தைப் பொதுத்துறை உற்பத்தி செய்து இலவசமாக வழங்க வேண்டும்.

நமக்கும் ஒரு கடமை உண்டு. பகுதியில் ஒருவர் மருந்துச் சீட்டோடு கடன் கேட்டு அலையும்போது, பணம் திரட்டித் தருவதோடு நம் பணி முடிவதில்லை. இம்மருந்துக்குச் சான்று என்ன என்று அவரோடு சேர்ந்து கேட்பதும் அரசியல் பணியே.