மேடை மேக்பெத்தும் நிஜ மேக்பெத்தும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



"இன்ஜினீயருக்கும் நாடகத்துக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று பின்வரிசையில் கேட்பது காதில் விழுகிறது. சம்பந்தம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

மேக்பெத் என்றதும் என்ன ஞாபகம் வரும்? மூன்று சூனியக்காரிகள், கையில் ரத்தம், தூங்குகிற கிழ ராஜாவைக் குத்திக் கொன்ற துரோகி. 1606 வாக்கில் ஷேக்ஸ்பியர் எழுதிய நாடகம் அப்படித்தான் நம் மனதில் பதிந்து போயிருக்கிறது.

ஆனால் அந்தப் பெயரில் நிஜமாகவே ஒரு ராஜா இருந்தார். 1040 முதல் 1057 வரை, 17 ஆண்டுகள் ஸ்காட்லாந்தை ஆண்டார். முன்பு ஆண்ட டங்கன் கிழவருமல்ல, படுக்கையில் சாகவுமில்லை. எல்ஜின் நகருக்கு அருகே நடந்த சண்டையில் மாண்டவர். அப்பனுக்குப் பின் மகன் என்ற முறை அங்கே அன்று வேரூன்றவில்லை. 1050-இல் மேக்பெத் ரோமுக்கு யாத்திரை போய், ஏழைகளுக்குப் பணத்தை வாரி இறைத்ததாக அக்காலத் துறவி ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். சிம்மாசனம் ஆடிக்கொண்டிருந்தால் ஒரு ராஜா அவ்வளவு தூரம் போவாரா?

பிறகு எப்படிப் பெயர் கெட்டது? 1057-இல் லம்ஃபனன் என்ற ஊரில், டங்கன் மகன் மால்கமின் தரப்பு அவரைக் கொன்றது. மனைவியின் முதல் தாரத்து மகன் லூலாக் சில மாதங்கள் ஆண்டார். அப்புறம் மால்கமின் வம்சம்தான். ஜெயித்தவர் வீட்டில் தோற்றவருக்கு யார் பரிந்து எழுதுவார்கள்?

1527-இல் ஹெக்டர் போயஸ், பாங்க்வோ என்ற கற்பனை மனிதரை ஸ்டூவர்ட் வம்சத்தின் மூதாதையாக்கினார். 1577-இல் ஹோலின்ஷெட் அதையே எடுத்தாண்டார். அவர் நூலில் பாங்க்வோ கொலைக்கு உடந்தை. ஷேக்ஸ்பியர் கைக்கு வந்ததும் பாங்க்வோ உத்தமராகிவிட்டார்! காரணம்? அன்று இங்கிலாந்தை ஆண்டவர் ஸ்டூவர்ட் குலத்து ஜேம்ஸ்.

லம்ஃபனனில் இன்றும் ஒரு கற்குவியலை மேக்பெத்தின் பெயரால் காட்டுகிறார்கள். நாடகக் கொட்டகைக்குள்ளோ அந்தப் பெயரை உச்சரிக்கவே பல நடிகர்கள் அஞ்சுவார்கள். 'ஸ்காட்லாந்து நாடகம்' என்பார்கள்.

தம்பி தங்கைகளே, சம்பந்தம் இதுதான். வேலைக்குச் சேர்ந்ததும் ஒரு ஃபைல் உங்கள் கைக்கு வரும். பழுதெல்லாம் முன்னே இருந்தவர் தலையில் எழுதியிருக்கும். அவர் மாற்றலாகிப் போயிருப்பார். பதில் சொல்ல ஆளிருக்காது. அப்போது கேளுங்கள்: இதை எழுதியது யார்? எப்போது? யார் மனம் குளிர? கேட்டுவிட்டு, டேப்பை எடுத்துக்கொண்டு சைட்டுக்குப் போய் நீங்களே அளந்து பாருங்கள். அளக்காமல் கீழே கையெழுத்துப் போட்டால், ஒரு மனிதரின் பெயர் நம் கையாலேயே கெடும்.

நாடகத்தைக் கைதட்டி ரசிப்போம். தீர்ப்பை மட்டும் விசாரித்து எழுதுவோம்.