துறைமுக நகரில் ஒரு பகல்



சென்னைக்கு என் விமானம் நள்ளிரவில். கொழும்பில் விடுதி அறையைக் காலையிலேயே ஒப்படைத்தாயிற்று. காலிமுகத் திடலில் இறால் வடை தின்றேன். தூரத்துக் கப்பல்களை எண்ணினேன். பொழுது நகரவில்லை. ‘ஒரு நாள் வீண்’ என்று முணுமுணுத்தபடி, துறைமுகத்தை அடுத்த கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்துக்குப் போனேன். 2019 உயிர்ப்புப் பெருவிழாவன்று குண்டு வெடித்த ஆலயம் அது. அன்று செவ்வாய்க்கிழமை, பல சமயத்தாரும் மெழுகுதிரியோடு நின்றார்கள்.

வன்னியிலிருந்து வந்து மகள் வீட்டில் தங்கியிருக்கும் அம்மா ஒருவர் பேச்சுக்கொடுத்தார். அவருடைய மகன் 2009இல், போரின் இறுதியில் காணாமல்போனவன். அது தெரியாமல் நான் என் காத்திருப்பைச் சொல்லி அலுத்துக்கொண்டேன். அவர் சொன்னார்: “ஃபாதர், உங்கட பிளேன் எத்தனை மணிக்கெண்டு உங்களுக்குத் தெரியும். என்ர பிள்ளை எப்ப வருவானெண்டு எனக்குத் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு செவ்வாயும் வாறன்.”

எனக்குப் பதில் வரவில்லை. அவரோடு முழந்தாளிட்டேன்.

தீர் நகரில் கப்பல் சரக்கு இறக்க நின்றபோது, பவுல் அங்கிருந்த சீடர்களைத் தேடிப்போய் ஏழு நாள் தங்கினார். அவர் புறப்பட்டபோது பெண்களும் பிள்ளைகளும்கூட வழியனுப்ப வந்தார்கள். எல்லாரும் கடற்கரையில் முழந்தாளிட்டு வேண்டினார்கள் (திப 21).

இந்த வாரம் மருத்துவமனையிலோ பேருந்து நிலையத்திலோ காத்திருக்க நேர்ந்தால், கைபேசியை வைத்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரோடு பேசுங்கள். அவருடைய காத்திருப்பு நம்முடையதைவிட நீண்டதாக இருக்கலாம்.

அந்த அம்மாவுக்காகவும் அவர் மகனுக்காகவும் செபிப்போம். ஆமென்.