மது மயக்கம் மன்னிப்புச் சீட்டாகுமா?



நாடகம் எழுதிப் பழகியவன் நான். ஆகவே ஒரு காட்சியிலிருந்து தொடங்குகிறேன். கற்பனைக் காட்சிதான், ஆயினும் நீங்கள் காணாத காட்சி அன்று.

ஏழையின் வீடு. அடுப்பிலே கஞ்சி. வாசலிலே தள்ளாடி வந்து நிற்கிறான் கணவன்.

"பணம் எங்கே?"

"பிள்ளைக்குக் காய்ச்சல். மருந்து வாங்கிவிட்டேன்."

மூலையிலே கிடந்த அம்மிக் குழவி அவன் கைக்கு வருகிறது. பொழுது விடியும்போது அவள் பிணம். அவன் காவல் நிலையத்தில். பிள்ளை பாட்டியின் மடியில்.

அடுத்த காட்சியிலேதான், தோழர்களே, நீங்கள் மேடைக்கு வருகிறீர்கள்! கிளைச் செயலாளராகிய உங்கள் வீட்டுத் திண்ணையிலே ஊர்க்காரர் நால்வர். "நல்ல பையன் ஐயா! நிதானத்திலே செய்ததல்ல, போதை செய்த வேலை. நம் கட்சிக்காரனுங்கூட. நிலையத்திலே ஒரு வார்த்தை சொல்லுங்கள்!"

என்ன செய்வீர்கள்? அதுவே இன்று நான் உங்களிடம் கேட்க வந்த கேள்வி.

போதை செய்த வேலையாம்! போதைக்குக் கை உண்டா? குழவியைத் தூக்கியது புட்டியா, புட்டியைப் பிடித்த கையா?

சட்டம் இதற்கு 1860-லேயே விடை எழுதிவிட்டது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 85, 86 ஆகிய பிரிவுகள் அவை. 2024 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அவையே 23, 24 என்னும் எண்களில் நிற்கின்றன. அவை கூறுவது யாது? ஒருவனுக்குத் தெரியாமலோ, அவன் விருப்பத்திற்கு மாறாகவோ மது புகட்டப்பட்டு, தான் செய்வது இன்னதென்று உணர முடியாத நிலையிலே அவன் ஒன்றைச் செய்தால், அது குற்றமாகாது. தானே தேடிச் சென்று, தானே காசு கொடுத்துக் குடித்தவனுக்கு அந்தச் சலுகை இல்லை. நிதானத்திலே இருந்திருந்தால் அவனுக்கு என்ன அறிவு இருந்திருக்குமோ, அந்த அறிவு அவனுக்கு இருந்ததாகவே சட்டம் கொள்ளும்.

ஆனால் நேர்மையாக ஒன்றையும் சொல்லவேண்டும். சட்டம் அவன்மீது ஏற்றுவது அறிவை, நோக்கத்தை அன்று. கொல்லும் நோக்கம் இருந்ததா என்பதை நீதிமன்றம் நடந்தவற்றைக் கொண்டே அளக்கும். நோக்கமே உருவாக முடியாத அளவுக்கு மயங்கியிருந்தான் என்று தெளிவானால், கொலைக்குற்றம் என்பது, கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாகக் குறையலாம். அப்போதும் பத்தாண்டு வரை சிறை உண்டு. தண்டனை குறையலாம், குற்றம் மறையாது!

1954-ஆம் ஆண்டு, அன்றைய பெப்சு மாநிலத்திலே ஒரு திருமண வீடு. மதிய விருந்து. ஓய்வு பெற்ற ஜமேதார் ஒருவர், குடித்திருந்தவர், பதினைந்து பதினாறு வயதுச் சிறுவனிடம், "கொஞ்சம் நகர்ந்து உட்கார்" என்றார். சிறுவன் நகரவில்லை. கைத்துப்பாக்கியை எடுத்தார், வயிற்றிலே சுட்டார், சிறுவன் மாண்டான். வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. 1956-லே, நம் சென்னை உயர்நீதிமன்றத்திலிருந்து அங்கே சென்றிருந்த நீதிபதி சந்திரசேகர ஐயர் தீர்ப்பெழுதினார். தள்ளாடினார், உளறினார், உண்மைதான். ஆனால் தாமே நடந்தார். தமக்கு வேண்டிய இடத்தைத் தாமே தேடினார். சுட்டபின் தப்பியோட முயன்றார். பிடிபட்டதும் மன்னிப்புக் கேட்டார். அறிவு முற்றிலும் அழிந்தவர் செய்யக்கூடியவையா இவை? கொலைக்குற்றமே என்றது நீதிமன்றம்.

அந்த அளவுகோலை நம் காட்சிக்குப் பொருத்திப் பாருங்கள். கடையிலிருந்து வீடு வரை நடந்தானே, வழியிலே நின்ற காவலரை அடித்தானா? கடன் கொடுத்தவரை ஏசினானா? இல்லை! பத்துக் கதவுகளைக் கடந்து, தன் கதவைச் சரியாகத் தட்டினான். திருப்பி அடிக்கமாட்டாள் என்று தெரிந்தவளை மட்டுமே அடித்தான். குடித்தால் அடிப்பான் என்பது தெருவுக்கே தெரியும், அவனுக்குத் தெரியாதா?

பழங்கிரேக்கத்திலே, மிட்டிலீன் நகரை ஆண்ட பிட்டாக்கஸ், குடித்துவிட்டுக் குற்றம் செய்தவனுக்கு மிகுந்த தண்டனை என்று சட்டம் வகுத்தான். அரிஸ்டாட்டில் அதைக் குறித்திருக்கிறார். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. போதைக்காக இரட்டைத் தண்டனை வேண்டாம்; போதைக்காகத் தள்ளுபடியும் வேண்டாம்!

"அரசே விற்கிறதே! அதைக் கேட்டீரா?" என்று ஒருவர் கேட்பார். கேட்கத்தான் வேண்டும். 1937-லே சேலம் மாவட்டத்திலே தொடங்கிய மதுவிலக்கு, 1971-லே தளர்ந்தது. 2003 முதல் சில்லறை விற்பனையே டாஸ்மாக்கின் கைக்கு வந்தது. அந்தக் கணக்கைச் சட்டமன்றத்திலே கேட்போம், தேர்தல் களத்திலே கேட்போம். ஆனால் கடையின் கணக்கு வேறு. கையின் கணக்கு வேறு. அதே கடையிலே குடித்த ஆயிரம் பேர் அன்றிரவு கொலை செய்யவில்லை. கடைமீது பழி போட்டுக் கையைக் கழுவ விடுவது மதுவிலக்கு ஆகாது. மாண்டவளுக்குச் செய்யும் இரண்டாவது துரோகம்!

இன்னொன்று. வீட்டுக்குள் நடந்த கொலைக்குச் சாட்சி யார்? பாட்டியும் பிள்ளையுந்தான். "போனவள் போய்விட்டாள், இருப்பவனையாவது காப்பாற்று" என்று அந்தப் பாட்டியின் வாயை அடைக்க ஊரே திரளும். நான்கு சுவர்களுக்குள் மனைவி மாண்டால், அங்கே உடனிருந்த கணவன் நடந்ததற்கு விளக்கம் தரவேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2006-லே கூறியது. சுவர் மறைத்தாலும் சட்டம் கேட்கிறது. ஊர் மறைக்கலாமா? கட்சி மறைக்கலாமா?

ஆகவே தோழர்களே, திண்ணையிலே வந்து நிற்பவர்களிடம் சொல்லுங்கள்: "அவனுக்கு வழக்கறிஞர் வேண்டுமா? ஏழையாயின் சட்ட உதவி கிடைக்கும். அது அவன் உரிமை. நிலையத்திலே சிபாரிசு வேண்டுமா? என் நா எழாது."

பிறகு எழுந்து அந்தப் பாட்டியின் வீட்டுக்குப் போங்கள். பாதிக்கப்பட்டோருக்கான இழப்பீடு சட்டத்திலே இருக்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். பிள்ளையின் பள்ளிக்கூடம் நிற்காமல் பாருங்கள். பாட்டி சாட்சி சொல்லப் போகும் நாளிலே துணைக்குச் செல்லுங்கள்.

அதனினும் மேலான கடமை ஒன்று உண்டு. கொலை நடந்த மறுநாள் அன்று, முதல் அடி விழுந்த மறுநாளே அந்தக் கதவைத் தட்டுங்கள். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. மாவட்டந்தோறும் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். அவரிடம் அவளை அழைத்துச் செல்லுங்கள். அன்று "குடும்ப விவகாரம், நமக்கேன்?" என்று வாயை மூடிய ஊர்தான், இன்று "குடிபோதை விவகாரம், விட்டுவிடு" என்று வாயைத் திறக்கிறது!

மனிதனை மனிதனாக நிறுத்தும் இயக்கம் இது. மனிதன் என்றால் தன் செயலுக்குத் தானே பொறுப்பேற்பவன். அந்தப் பொறுப்பைப் புட்டியின்மீது ஏற்றாதீர்கள். உங்கள் தோளிலே கிடக்கும் துண்டு, அழும் அந்தப் பிள்ளையின் கண்ணீரைத் துடைக்கட்டும். அவன் கையிலுள்ள குருதியைத் துடைக்க வேண்டாம்!