கூலி கேட்கும் நாளில் பூட்டப்படும் வேலை



2025 டிசம்பர் 18 அன்று, நூறு நாள் வேலைச் சட்டத்தை எடுத்துவிட்டு வேறொரு சட்டத்தை நாடாளுமன்றத்தில் நிறைவேற்றினார்கள். சரியாக ஒரு வாரத்தில் வெண்மணி நாள் வந்தது. தஞ்சை மண்ணில் நின்றுகொண்டு இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

புதிய சட்டத்தின் பெயரைச் சுருக்கினால் ‘ஜி ராம் ஜி’ என்று வருகிறது. காந்தி பெயரை நீக்கிவிட்டார்களே என்று பலர் வருந்துகிறார்கள். அம்பேத்கரைப் படித்த நாம் அதற்காக அழ வேண்டியதில்லை. ராமர் வந்தது தற்செயல் அல்ல, அது அவர்கள் அரசியல். ஆனால் பெயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால் உள்ளே இருப்பதைப் படிக்காமல் விட்டுவிடுவோம்.

100 நாள் 125 ஆகிறதாம். நல்லது. ஆனால் இதுவரை உடலுழைப்புக் கூலி முழுவதையும் ஒன்றிய அரசு கொடுத்தது. இனி நூற்றுக்கு 40 ரூபாயைத் தமிழ்நாடு போட வேண்டும். மாநிலத்துக்கு எவ்வளவு என்பதை டெல்லி முடிவு செய்யும். அதற்கு மேல் போனால் மாநிலத்தின் தலையில்.

டெல்டாவை இதைவிட ஆழமாகக் குத்துவது இன்னொரு பிரிவு. விதைப்பு, அறுவடைக் காலங்களில் ஆண்டுக்கு மொத்தம் 60 நாள் இந்த வேலை நடக்கக் கூடாது. விவசாயத்துக்கு ஆள் கிடைக்க வேண்டுமாம். ‘நூறு நாள் வேலையால ஆளே வரமாட்டேங்குது’ என்று மிராசுதார்கள் டீக்கடையில் புலம்பியது சட்டமாகிவிட்டது.

தமிழ்நாட்டில் இந்த வேலைக்குப் போகிறவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் பெண்கள். 2025-26இல் அறிவித்த கூலி 336 ரூபாய். அதுவும் எல்லா இடத்திலும் முழுதாகக் கைக்கு வருவதில்லை. ஆனாலும், ‘அந்தக் கூலிக்கு நடவுக்கு வரமுடியாதுங்க’ என்று பண்ணைக்காரர் முகத்தைப் பார்த்துச் சொல்ல அது ஒரு தெம்பு கொடுத்தது. ஆள் தேவைப்படும் நாட்களில்தான் அந்தச் சொல்லுக்கு மதிப்பு. அந்த நாட்களாகப் பார்த்துப் பூட்டுகிறார்கள்.

1968இல் கீழவெண்மணி மக்கள் கேட்டது கூடுதலாக அரைப்படி நெல். மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை இறக்கி அந்தக் கோரிக்கையை உடைக்கப் பார்த்தார்கள். டிசம்பர் 25 இரவு ஒரே குடிசையில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலியை அமுக்க அன்று வெளியூர் ஆள் வேண்டியிருந்தது. இனி ஓர் அரசாணை போதும்.

‘சிறு விவசாயி பாவமில்லையா தோழர்?’ என்பீர்கள். பாவம்தான். 2025 அக்டோபர் மழையில் கொள்முதல் நிலைய வாசலில் குறுவை நெல் முளைத்துக் கிடந்தது. சேரிப் பெண் வேலைக்கு வராததாலா? 17 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் இருந்தால் வாங்காதே என்று விதி வைத்திருப்பது ஒன்றிய அரசு. மூட்டைகளை நேரத்தில் நகர்த்தாமல் தேங்கவிட்டது மாநில நிர்வாகம். தவிர, அறுவடையில் பெரும்பகுதியை இப்போது இயந்திரம் செய்கிறது. ஆகவே அந்த நாட்களில் வயலிலும் வேலை இல்லை, வாய்க்கால் தூர்வாரும் வேலையும் இல்லை என்றாகும்.

அந்த 60 நாட்கள் எவை என்று அறிவிக்கப்போவது மாநில அரசு. சமூகநீதி பேசாத கட்சி தமிழ்நாட்டில் இல்லை. தேதிகளை யாரைக் கேட்டு முடிவு செய்தீர்கள் என்று கிராமசபையில் நம் பெண்கள் எழுந்து கேட்கட்டும். நீங்கள் சட்டத்தைப் படித்து, அவர்களுக்கு வாசித்துக் காட்டி, பக்கத்தில் நில்லுங்கள்.