காலை அளந்த பிறகு சப்பாத்து

(நூற்றாண்டு நிகழ்வுகளின் ஒரு பகுதியாக நடைபெற்ற சுகாதாரக் கருத்தரங்கில், இயன்மருத்துவராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



கால் வலியைப் பற்றிப் பேசும்படி நமது செயலாளர் கேட்டார். சப்பாத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொன்னேன். முப்பது வருடங்களுக்கு மேல் நான் பார்த்த கால் வலிகளில் பல, பொருந்தாத பாதணியால் வந்தவை அல்லது அதனால் கூடியவை. இன்னொரு காரணமும் உண்டு. நூற்றாண்டு நினைவாகத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுப்பது பற்றிச் சங்கம் யோசித்து வருகிறது. அதை எப்படிச் செய்தால் பிள்ளையின் காலுக்கு உண்மையில் உதவும் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் அமர்வேன்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. நமது பாட்டிமார் வெறுங்காலோடுதான் பெரட்டுக்குப் போனார்கள், வெறுங்காலோடுதான் கொழுந்து எடுத்தார்கள். அந்தக் காலத்தில் தோட்டங்களைப் பிடித்து ஆட்டிய நோய்களில் ஒன்று கொக்கிப்புழு. மலம் கலந்த ஈர மண்ணில் அதன் குஞ்சுப் புழு வாழும். வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போகும். பிறகு குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். ஆள் வெளிறிப் போவார், நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனம் இலங்கையில் 1916இல் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியபோது, மாத்தளைப் பகுதித் தோட்டங்களில்தான் தொடங்கியது. மருந்து கொடுத்தார்கள், புழு போனது. ஆனால் மலசலகூடம் இல்லாத லயங்களில் அதே மண்ணில் அதே வெறுங்காலோடு நடந்தவர்களுக்குப் புழு திரும்பவும் வந்தது. மலசலகூடமும் காலில் ஒரு பாதணியும் இருந்தால்தான் மருந்தின் பலன் நிலைக்கும். ஆகவே சப்பாத்து என்பது நம் மக்களுக்கு அலங்காரப் பொருளாக மட்டும் வந்ததல்ல.

ஆனால் ஏதோ ஒரு பாதணி போதும் என்று நினைத்துவிடவும் கூடாது. இதைக் காட்டித் தந்தவர் வைத்தியர் போல் பிராண்ட். அவர் 1914இல் தமிழ்நாட்டின் கொல்லிமலையில் பிறந்தவர். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து தொழுநோயாளருக்குச் சத்திரசிகிச்சை செய்தவர். அந்த நோயாளரின் கால்களில் ஆறாத புண்கள் இருந்தன. நோயே சதையைத் தின்கிறது என்று உலகம் நம்பியிருந்தது. பிராண்ட் கவனித்துப் பார்த்தபோது, காலில் உணர்ச்சி இல்லாததால்தான் புண் வருகிறது என்று கண்டார். சப்பாத்தின் ஆணி குத்தினாலும், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தினாலும் அவர்களுக்கு வலிக்காது. வலிக்காததால் நிறுத்தாமல் நடப்பார்கள். அதனால் அவரும் அவரோடு வேலை செய்தவர்களும் ஆணி இல்லாத, மெத்தென்ற நுண்துளை இறப்பர் உள்ளடி வைத்த செருப்புகளைச் செய்ய வழிபார்த்தார்கள். எம்.சி.ஆர். செருப்பு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு இன்று சிபாரிசு செய்யப்படுவதும் அதுதான்.

இந்த மண்டபத்தில் நீரிழிவு உள்ள அக்காமார் எத்தனை பேர் என்று நான் கேட்கப் போவதில்லை. ஆனால் உங்களுக்கு நான்கு விஷயம் சொல்ல வேண்டும். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்காதீர்கள். சப்பாத்தைப் போடும் முன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையை விட்டுப் பாருங்கள். புதிய பாதணியை முதல் நாள் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போடாதீர்கள். கழற்றியதும் எங்காவது சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். இரவில் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்தாவது ஒரு தடவை பாருங்கள். "வலிக்கவில்லையே" என்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இனி, கடைக்குப் போவோம். சப்பாத்து வாங்கப் பின்னேரம் போங்கள். பகல் முழுவதும் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். காலையில் அளவாக இருந்தது மாலையில் இறுக்கும். எழுந்து நின்றபடி இரண்டு காலையும் அளக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே அளவாக இருப்பது குறைவு. பெரிய காலுக்கு வாங்க வேண்டும். மிக நீளமான விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் இருக்கட்டும். சிலருக்கு இரண்டாவது விரல்தான் நீளம் என்பதை மறக்க வேண்டாம். சப்பாத்தைக் கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள். விரல்கள் மடியும் இடத்தில் அது மடிய வேண்டும். நடுவில் மடிந்தாலும், ஈரத் துணியைப் போல முறுக்க முடிந்தாலும் வைத்துவிடுங்கள். பின்பக்கத்துக் குதிக் கிண்ணத்தை அழுத்திப் பாருங்கள். அது உறுதியாக இருக்க வேண்டும். "போடப் போட இளகிவிடும்" என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். தோல் கொஞ்சம் இளகும், நீளம் கூடாது.

நமது ஊருக்கென்று ஒரு விசேஷம் இருக்கிறது. பண்டாரவளை கிட்டத்தட்ட 4,000 அடி உயரம். எந்தப் பக்கம் போனாலும் ஏற்றம், இறக்கம், படிக்கட்டு. இறக்கத்தில் கால் முன்னுக்குச் சறுக்கி விரல்கள் சப்பாத்தின் மூக்கில் இடிக்கும். நகம் கறுப்பது அதனால்தான். ஆகவே கடையில் சமதரையில் நடந்து பார்த்தால் போதாது. ஒரு படியில் இறங்கிப் பாருங்கள். லேஸ் கட்டும் முன் குதிக்காலைப் பின்னுக்குத் தட்டி உட்கார வைத்து, மேற்காலில் இறுக்கிக் கட்டுங்கள். லேஸை அவிழ்க்காமலே காலை நுழைக்க முடிந்தால் அந்தச் சப்பாத்து காலைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

மலையில் கொழுந்து எடுக்கும் அம்மாமாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். செருப்பைக் கொடுத்தால் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலில் நிற்கிறார்கள் என்று குறை சொல்கிறோம். ஈரச் சரிவில் வார் வைத்த இறப்பர் செருப்பு வழுக்கும். வெறுங்காலில்தான் பிடிமானம் கிடைக்கும். அது அவர்களுடைய அறிவு. அவர்களுக்கு வேண்டியது குதிக்காலைப் பின்னால் பிடிக்கும் வாரும், அடியில் ஆழமான பள்ளம் வெட்டிய அடிப்பாகமும் உள்ள பாதணி.

வெளிநாட்டிலிருந்து வந்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ரொறன்ரோவிலோ லண்டனிலோ குளிர்காலப் பூட்ஸ் வாங்கும்போது, எந்தத் தடித்த மேஸோடு போடப் போகிறீர்களோ அதைப் போட்டுக்கொண்டு அளவு பாருங்கள். இறுகிய பூட்ஸில் இரத்த ஓட்டம் குறையும், கால் இன்னும் குளிரும். வயது கூடக் கூடப் பாதம் அகலும். இருபது வயதில் எழுதி வைத்த இலக்கத்தை அறுபதிலும் சொல்லி வாங்காதீர்கள்.

பராமரிப்பு சுருக்கமாக. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை நமது மழையில் சப்பாத்து காயாது. அதற்காக அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் பசை இளகி அடி பிரியும், தோல் வெடிக்கும். உள்ளடியை வெளியே எடுத்துவிட்டு, பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி உள்ளே திணித்து, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை தாளை மாற்றிக் காற்றில் வையுங்கள். ஈரச் சப்பாத்தை மறுநாளும் போட்டால் விரலிடுக்கில் பூஞ்சணம் பிடிக்கும். கன்வஸ் சப்பாத்தைக் கழுவினால் சோப்பு முழுவதும் போகும்வரை அலசுங்கள்; இல்லாவிட்டால் மஞ்சளாகும். குதிப்பக்கம் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் வெள்ளை பூசி மறைக்காதீர்கள். அது உங்கள் நடையைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறது.

வெள்ளை என்றதும் ஞாபகம் வருகிறது. திங்கட்கிழமை காலையில் மாணவத் தலைவியர் வாசலில் நின்று சப்பாத்தைப் பார்ப்பார்கள். எந்தப் பாடசாலையிலும் பார்ப்பது வெள்ளையாக இருக்கிறதா என்பதைத்தான். பொருந்துகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. லயத்தில் ஒரு சோடி வாங்கினால் அது இரண்டு வருடம் வர வேண்டும். அதனால் இரண்டு இலக்கம் கூட்டி வாங்குவார்கள். ஆங்கில அளவில் ஓர் இலக்கத்துக்கு எட்டரை மில்லிமீற்றர். இரண்டு இலக்கம் என்றால் 17 மில்லிமீற்றர் அதிகம். முதல் வருடம் பிள்ளை விரலை மடக்கிச் சப்பாத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கும். கடைசி மாதங்களில் விரல் மடங்கியே நிற்கும். தாய்மாரைக் குறை சொல்ல முடியாது. 2022 நெருக்கடிக்குப் பிறகு ஒரு சோடி சப்பாத்தின் விலை நாட்சம்பளத்துக்கு எட்டாமல் போனதை நாம் எல்லோரும் பார்த்தோம். அரசாங்கம் 3,000 ரூபா வவுச்சர் கொடுக்க வேண்டி வந்ததும் அதனால்தான்.

ஆகவே சங்கத்துக்கு என் வேண்டுகோள் இதுதான். வகுப்பையும் வயதையும் எழுதி மொத்தமாகப் பெட்டி பெட்டியாக வாங்காதீர்கள். ஒரே வகுப்பில் நான்கு இலக்கக் கால்கள் இருக்கும். முதலில் ஒரு சனிக்கிழமை போய், ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு தாளில் நிற்க வைத்து, பென்சிலை நேராகப் பிடித்து இரண்டு காலையும் வரைந்து, பெயரை எழுதி எடுத்து வாருங்கள். அந்தத் தாளைக் கடைக்குக் கொண்டுபோய், அதன் நீளத்தோடு ஒரு பெருவிரல் அகலம் கூட்டி வாங்குங்கள். சோடியோடு இரண்டு சோடி மேஸும் வையுங்கள். ஒரே தடவையில் 200 பிள்ளைகளுக்குக் கொடுப்பதை விட, 100 பிள்ளைகளுக்கு இப்போது ஒரு தடவை, கால் வளர்ந்த பிறகு இன்னொரு தடவை என்று கொடுங்கள். கழற்றிய சோடி நன்றாக இருந்தால் துவைத்துத் தம்பி தங்கைக்குக் கொடுக்கலாம். ஆனால் அடி தேய்ந்ததைக் கொடுக்க வேண்டாம். அண்ணனின் நடை அதில் பதிந்திருக்கும்.

கால்களை வரையும் அந்தச் சனிக்கிழமைக்கு நான் வருகிறேன். தாளும் பென்சிலும் நானே கொண்டு வருகிறேன். என்னோடு வரக்கூடிய பத்துப் பேர் இந்த மண்டபத்தை விட்டுப் போகும் முன் செயலாளரிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.