நோன்பு அடையும் 'பை' தினமும்
(எங்கள் கிளைக் கூட்டத்தில் பேசியது)

மார்ச் மாதத்தில் விசித்திரமான தினங்களுக்குக் குறைவே இல்லை. 20ஆம் தேதி, 2010 முதல், சிட்டுக்குருவிகளுடையது. எனக்குப் பிடித்தது 14ஆம் தேதி, வட்டக் கணக்கில் வரும் 'பை'க்கான தினம். அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள்; 3-14 என்பது 3.14 ஆகிவிடுகிறது. 1988இல் சான்பிரான்சிஸ்கோ அறிவியல் அருங்காட்சியகத்தில் லாரி ஷா என்ற இயற்பியலாளர் இதைத் தொடங்கினார். எல்லோரும் வட்டமாகச் சுற்றி நடந்து, பழம் வைத்த 'பை' பலகாரம் சாப்பிட்டார்களாம். 2019இல் யுனெஸ்கோ அதே நாளை சர்வதேசக் கணித தினமாக அறிவித்தது.

2024இல் காரடையான் நோன்பும் அன்றுதான் வந்தது. ஏழாவது படிக்கும் பேத்தி, கணக்கில் ஃபெயிலான விடைத்தாளை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்திருந்தாள். நான் முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள். கோபம் வந்தது. அவள் பயந்ததே எனக்குத்தான் என்பது பிறகுதான் உறைத்தது.

திட்டவில்லை. சரடு கட்டிக்கொண்டதும், மீந்த நூலால் அடையைச் சுற்றியும் குறுக்கேயும் அளக்கச் சொன்னேன்.

"பாட்டி, மூணு தடவை போயும் கொஞ்சம் மிஞ்சறதே!"

"அந்தக் கொஞ்சத்தைத்தான் ஆரியபட்டர் 3.1416 வரை கணக்கிட்டார். நம் கும்பகோணத்து ராமானுஜன் 1914இல் அதற்குப் புதுப்புதுச் சூத்திரங்களே தந்தார்" என்றேன். அளந்த அடையை வெண்ணெயோடு அவளே சாப்பிட்டாள்.

மதிப்பெண் இன்னும் சுமார்தான். ஆனால் விடைத்தாள் இப்போது நேராக என் கைக்கு வருகிறது. அடுத்த நோன்பன்று நீங்களும் பேரன் பேத்திகளிடம் ஒரு நூலைக் கொடுத்துப் பாருங்கள்.