நட்சத்திரமும் அளவுக் கயிறும்

(மாணவர், பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் டியூஷன் வகுப்பில் ஒன்பதாவது படிக்கும் பிள்ளை ஒருவர் கைப்பேசியில் ஒரு வீடியோ காட்டினார். பூமி தட்டை என்று ஒருவர் அடித்துப் பேசுகிறார். "விண்வெளிப் படமெல்லாம் பொய் என்கிறாரே, வேறு எப்படி சார் நிரூபிப்பது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. படமே வேண்டாம். 1200 ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன்.

அப்பாஸிய கலீஃபா மஃமூனின் ஆட்சி, கி.பி. 813 முதல் 833 வரை. பூமியின் சுற்றளவைக் கிரேக்கர்கள் முன்பே கணக்கிட்டிருந்தார்கள். ஆனால் அவர்களுடைய 'ஸ்டேடியம்' என்ற அளவு எத்தனை முழம் என்பது தெளிவாக இல்லை. புதிதாக அளந்து வாருங்கள் என்று மஃமூன் அறிஞர்களை வட இராக்கின் சிஞ்சார் சமவெளிக்கு அனுப்பினார்.

நட்சத்திரங்களெல்லாம் ஒரு புள்ளியைச் சுற்றி வருவதுபோல் தெரியும். அதுதான் வானத்தின் வடதுருவம். அது அடிவானத்திலிருந்து எத்தனை டிகிரி உயரத்தில் இருக்கிறது என்று முதலில் பார்த்தார்கள். பிறகு முளை அடித்து, கயிறு பிடித்து, ஒரு குழு நேர் வடக்கே போனது, மற்றொன்று நேர் தெற்கே. வடக்கே போனவர்களுக்கு அந்தப் புள்ளி ஒரு டிகிரி ஏறியது. தெற்கே போனவர்களுக்கு ஒரு டிகிரி இறங்கியது. இரு பக்கமும் நடந்த தூரம் ஏறக்குறைய ஒன்றே: 56 மைலும் சொச்சமும். தரை தட்டையாக இருந்தால், எட்டாத தூரத்திலுள்ள நட்சத்திரம் நாம் நடப்பதற்காக ஏறி இறங்குமா?

டிகிரிக்கு 56⅔ மைல் என்று நூல்களில் பதிந்தது. 360ஆல் பெருக்கினால் 20,400 மைல்.

'இன்றைய கணக்கோடு அச்சு அசலாக ஒத்துப்போகிறது' என்று மேடையில் முழங்குபவர்கள் உண்டு. நாம் அப்படிச் சொல்ல வேண்டாம். அரபு மைல் என்பது 4,000 முழம். அந்த முழத்தின் நீளம் பற்றி ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. மைலை இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கொண்டால், இன்றைய 111 கிலோமீட்டருக்கு அருகில் வருகிறது. அவ்வளவுதான், அதுவே பெரிய காரியம்.

அளவுகோல் மாறினால் என்ன ஆகும் என்பதற்குக் கொலம்பஸ் சாட்சி. அல்-ஃபர்கானி சொன்ன அதே 56⅔ மைலை அவர் இத்தாலிய மைல் என்று எடுத்துக்கொண்டார். அது ஒன்றரை கிலோமீட்டர்தான். பூமி கால் பங்கு சுருங்கிவிட்டது! மேற்கே கொஞ்ச தூரத்தில் ஆசியா வந்துவிடும் என்று 1492இல் கிளம்பினார். நடுவில் அமெரிக்கா இருந்ததால் பிழைத்தார்.

1730களில் பிரெஞ்சுக்காரர்கள் இதே வழியில் லாப்லாந்திலும் தென் அமெரிக்காவிலும் அளந்தார்கள். நிலநடுக்கோட்டருகே ஒரு டிகிரி 110.6 கிலோமீட்டர், துருவத்தருகே 111.7. துருவத்தில் வளைவு குறைவு, அதனால் அதிகம் நடக்க வேண்டும். ஆக, பூமி முழு உருண்டையும் அல்ல, மேலும் கீழும் லேசாக அமுங்கியது.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை. கையை நீட்டி முஷ்டி மடக்கினால் அகலம் சுமார் 10 டிகிரி. நம் நாகப்பட்டினம் கடற்கரையில் இன்றைய துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து ஒரு முஷ்டி உயரத்தில் நிற்கும். மக்காவில் இரண்டு முஷ்டி. உம்ராவுக்குப் போகும் வாப்பா, உம்மாவிடம் சொல்லி அனுப்புங்கள்; இஷாவுக்குப் பிறகு வடக்கே கையை நீட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும்.